எல்லீசர் எழுதிய அம்மைப் புராணம்

2021-ஆம் ஆண்டின் கோடையில், தடுப்பூசி முகாம்களின் வாசலில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றிருந்த நாட்களில், நமது பக்கத்தின் நெடுநாள் வாசகரான நண்பர் ஒருவர் ஒரு குறிப்பை அனுப்பி, இதில் உண்மை எவ்வளவு என்று பார்த்து எழுதுமாறு கேட்டுக்கொண்டார். குறிப்பின் சாரம் இதுதான். ஜென்னருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பசுவின் மடியில் தோன்றும் கொப்புளத்து நீரை மனிதர் கையில் கீறி ஏற்றி அம்மையைத் தடுக்கும் முறையைத் தன்வந்திரி 'சாக்தேய கிரந்தம்' என்னும் நூலில் விளக்கியிருக்கிறார். 1905-ல் சென்னை கவர்னரே பொதுமேடையில் இதனை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே தடுப்பூசி நம் முன்னோர் கண்டது.

இதுவும் ஒரு கைபேசிப் புராணம் என்று ஒதுக்கிவிடத்தான் முதலில் எண்ணினோம். தேடத் தொடங்கிய பின்னரே விஷயம் அவ்வளவு எளிதல்ல என்பது புலப்பட்டது. கவர்னர் அவ்வாறு பேசியது உண்மை. கிரந்தம்தான் பொய். அந்தப் பொய்யின் பின்னால் நிற்பவரோ, தமிழிலக்கிய வாசகர் எவரும் மரியாதையோடு நினைவுகூரும் ஒருவர்.

எல்லீசர் என்று தமிழர் அன்போடு அழைத்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1796-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். 1810 முதல் சென்னையின் கலெக்டர். 1812-ல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பம் என்று 1816-லேயே, கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னதாக, அச்சில் நிறுவியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து உரை எழுதியவர். 1818-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டுவித்து, அச்செய்தியைக் குறளை மேற்கோள் காட்டித் தமிழ்ப் பாவிலேயே கல்லில் பொறித்து வைத்தார். இவ்வளவும் நாம் அறிந்தவை. அதே மனிதர், அம்மை குத்திக்கொள்ள மக்களை இணங்கவைப்பதற்காகத் தமிழில் ஒரு புராணத்தையும் கட்டினார் என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி.

அந்தப் புராணம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, அன்றைய அம்மையைச் சிறிது நினைத்துப் பார்க்கவேண்டும். பெரியம்மை என்றும் வைசூரி என்றும் வழங்கிய நோய் இன்று உலகில் இல்லை. கண்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவரைக் கொண்டுபோன நோய் அது. பிழைத்தவருக்கும் முகமெல்லாம் வடு, சிலருக்குப் பார்வையிழப்பு. மருந்து கிடையாது. வேறெந்த நோய்க்கும் இல்லாத ஒரு மரியாதை நம் மொழியில் இதற்கு உண்டு. காய்ச்சல் 'அடிக்கிறது', வாந்தி 'வருகிறது'; அம்மையோ 'போடுகிறாள்', 'இறங்குகிறாள்', 'விளையாடுகிறாள்'. கொப்புளம் என்று சொல்லாமல் முத்து என்றார்கள். வேப்பிலை செருகிய வீட்டில் தாளிக்கக்கூட மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை அந்த வீட்டில் கிடப்பது நோயாளியன்று, விருந்தாக வந்திருக்கும் ஆத்தா. இதனை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. மருந்தே இல்லாத ஒரு நோயின் முன், நோயாளியைத் தனியே விட்டு, குளிர்ச்சியாக வைத்து, வீட்டைத் துப்புரவாகக் காத்து, சாவை அவமானமில்லாமல் ஏற்க வழிசெய்த ஓர் ஒழுங்கு அது. ஆனால் அந்த ஒழுங்கில் ஒரு சிக்கல் இருந்தது. விருந்தாளியை வாசலிலேயே நிறுத்துவதற்கு அதில் இடமில்லை.

வாசலில் நிறுத்தும் முயற்சிகள் ஜென்னருக்கு முன்பே இருந்தன. அம்மை கண்டவரின் கொப்புளத்து நீரையோ பொருக்கையோ எடுத்து, நலமாயிருப்பவரின் தோலில் கீறி ஏற்றினால், பெரும்பாலும் இலேசான அம்மை வந்து போகும். பின்னர் வாழ்நாள் முழுதும் பயமில்லை. சீனத்திலும் துருக்கியிலும் வங்காளத்திலும் இம்முறை வழக்கிலிருந்தது. வங்காளத்தில் இதைச் செய்தவர்களை டீக்காதார் என்றார்கள். அவர்களின் முறையை ஹோல்வெல் என்னும் ஆங்கிலேயர் 1767-ல் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். தரம்பால் 1971-ல் வெளியிட்ட தொகுப்பின் வழியே அது நம் காலத்து வாசகருக்கும் கிடைத்தது. துருக்கியில் இதனைக் கண்ட மேரி வோர்ட்லி மாண்டேகு அம்மையார் தம் மகளுக்கு 1721-ல் லண்டனில் செய்வித்த பிறகே இங்கிலாந்தில் அது பரவியது. தமிழ்நாட்டுப் பக்கம் இம்முறை பரவலாக இருந்ததற்குச் சான்றுகள் மிகக் குறைவு. அதில் ஆபத்தும் இருந்தது. ஏற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவர் இறந்தார்கள். அவர்களிடமிருந்து அக்கம்பக்கத்தாருக்கு உண்மையான பெரியம்மையே தொற்றவும் கூடும்.

ஜென்னர் செய்த மாற்றம் இந்த இடத்தில்தான். மனித அம்மைக்குப் பதிலாகப் பசு அம்மை. 1796 மே 14-ஆம் நாள், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த கொப்புளத்து நீரை எட்டு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் பிப்ஸின் கையில் ஏற்றினார்; பின்னர் அவனுக்குப் பெரியம்மை நீரையே ஏற்றியும் நோய் வரவில்லை. 1798-ல் நூல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் அதைக் கேட்டார்கள். கேட்பது எளிது, கொண்டு சேர்ப்பதுதான் கடினம். நூலில் நனைத்து உலர்த்தியும் கண்ணாடித் துண்டுகளுக்கிடையே வைத்தும் அனுப்பிய நீர் வெப்பத்தில் வீரியமிழந்தது. ஆகவே மனிதக் கைகளே குப்பிகளாயின. ஒரு குழந்தையின் கையில் ஏற்றி, எட்டாம் நாள் எழும் கொப்புளத்தைத் திறந்து, அந்நீரை அடுத்த குழந்தைக்கு. அதன் எட்டாம் நாளில் அதற்கடுத்த குழந்தைக்கு. 1803-ல் ஸ்பானிய அரசு 22 அநாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றி, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றியபடியே அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது. இந்தியாவுக்கு அது தரைவழியே வந்தது. வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பஸ்ரா, அங்கிருந்து கப்பலில் பம்பாய். 1802 ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமியின் கையில் அது பலித்தது. சென்னைக்கும் இலங்கைக்கும் ஹைதராபாத்துக்கும் அந்த ஆண்டில் போய்ச்சேர்ந்த அம்மைப்பால் முழுவதும் அந்தச் சின்னஞ்சிறு கையிலிருந்து தொடங்கிய சங்கிலிதான்.

இந்தச் சங்கிலியை மனத்தில் வைத்துக்கொண்டால், மக்கள் ஏன் மறுத்தார்கள் என்பதும் விளங்கும். மறுப்பின் காரணமாக மாரியம்மனை மட்டுமே கம்பெனி அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கூறினார்கள். அம்மனுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் ஒரு தாயின் நிலையில் நின்று பாருங்கள். யாரோ ஒரு குழந்தையின், எந்தச் சாதி, எந்த நோய் என்று தெரியாத ஓர் உடலின் நீர் தன் குழந்தைக்குள் செல்கிறது. எட்டாம் நாள் அம்மை குத்துகிறவர் மறுபடி வந்து, ஆறத் தொடங்கும் புண்ணைக் கீறி நீரெடுக்கிறார். அது தன் குழந்தைக்காக அன்று, அடுத்த வீட்டுக் குழந்தைக்காக. கூப்பிடுகிறவனோ கம்பெனிச் சிப்பந்தி. தீட்டுப் பற்றிய அச்சம், புண்பட்ட கை பற்றிய அச்சம், சர்க்கார் எதற்காகக் குழந்தைகளின் மேல் குறி வைக்கிறது என்ற சந்தேகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே மறுப்பு. (ஒருவர் உடலிலிருந்து மற்றவர் உடலுக்கு வேறு நோய்களும் தொற்றலாம் என்ற அச்சம் வீணானதல்ல என்பதைப் பின்னாளில் ஐரோப்பிய மருத்துவர்களே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.)

எல்லாருமே மறுத்தார்கள் என்றும் சொல்லமுடியாது. மைசூர் அரண்மனை ஒரு சான்று. தாமஸ் ஹிக்கி 1805-ஐ ஒட்டித் தீட்டிய ஓவியம் ஒன்றில் மூன்று அரசகுலப் பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி சேலையைச் சற்றே ஒதுக்கி மேற்கையைக் காட்டுகிறாள். இளைய அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் மணமகளான தேவஜம்மணி அம்மை குத்திக்கொண்டதை நாடறியச் செய்யவே அது வரையப்பட்டது என்பது அண்மைக்கால ஆய்வாளர் கருத்து. நெடுங்காலம் அதனை ஆடல்மகளிர் ஓவியம் என்றே எண்ணியிருந்தார்கள். நாம் இதனை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம், அரசி தன் கையைக் காட்டினாள், கதை சொல்லவில்லை என்பதுதான்.

எல்லீசர் கதை சொன்னார். அவர் தமிழில் எழுதிய பசு அம்மைப் புராணம் சக்திக்கும் தன்வந்திரிக்கும் இடையே நிகழும் உரையாடல் வடிவிலானது. பசுவின் வழியே உலகுக்கு வந்த கொடையாக இந்தப் புதிய சிகிச்சையை அது காட்டுகிறது. அம்மனை மறுக்காமல், அம்மனின் வாயாலேயே அனுமதி வாங்கிவிடும் உத்தி. தமிழ் மரபை நன்கறிந்தவரால் மட்டுமே இப்படி யோசிக்க முடியும். புதிதாக ஒரு கோயில் எழுந்தால் அதற்கொரு தலபுராணம் எழும். சித்த வைத்திய ஏடுகளில் பல அகத்தியர் பெயரில் நடமாடுகின்றன. அவற்றை எழுதியவர்களை மோசடிக்காரர்கள் என்று நாம் சொல்வதில்லை. அறிவுக்கு ஒரு தெய்வ வாயைத் தேடித் தருவது அந்த மரபில் ஏற்கப்பட்ட வழக்கம். அந்த அளவில் எல்லீசரின் புராணம் புராணமாகவே இருந்திருக்குமானால் அதனைப் பற்றி நாம் குறைசொல்ல ஏதுமில்லை.

அது அங்கேயே நிற்கவில்லை. 1819 ஜனவரி 12-ஆம் நாள் 'மெட்ராஸ் கூரியர்' ஆங்கில இதழில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளியாயிற்று. தன்வந்திரி இயற்றிய சாக்தேய கிரந்தத்தில் பசு அம்மை ஏற்றும் முறை சொல்லப்பட்டிருக்கிறது என்று கூறி, அந்தப் பகுதியின் மொழிபெயர்ப்பையும் அது தந்தது. பசுவின் மடிக் கொப்புளத்திலிருந்தோ மனிதரின் கையிலிருந்தோ கத்தி முனையில் நீரை எடுக்கவேண்டும், தோளுக்கும் முழங்கைக்கும் இடையில் இரத்தம் துளிர்க்கும்வரை கீறவேண்டும், நீர் இரத்தத்தோடு கலக்கும் என்றெல்லாம் அதில் வருகிறது. 1819-ல் சென்னையில் அம்மை குத்துகிறவர் செய்துகொண்டிருந்ததும் வரிக்கு வரி இதேதான். ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமையான முனிவர் கம்பெனி மருத்துவரின் கையேட்டைப் படித்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது.

புராணத்துக்கும் இக்கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை இலக்கிய வாசகர்கள் கவனிக்கவேண்டும். புராணத்தைக் கேட்பவர் அதனைப் புராணமென்று அறிந்தே கேட்கிறார். பத்திரிகைக் கடிதத்தைப் படிப்பவரோ அதனைச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். அக்கடிதம் கடல் கடந்து ஐரோப்பிய மருத்துவ எழுத்துக்களில் இடம்பெற்றது. ஜென்னருக்கு முன்பே இந்தியர் அறிந்திருந்தனர் என்பதற்கு மேற்கோளாயிற்று. டொமினிக் வூயாஸ்டிக் என்னும் வடமொழி மருத்துவ நூல் அறிஞர் 1987-ல் இந்த மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். கல்வி விரும்பன் என்பதும் எல்லீசராகவே இருக்கலாம் என்று கருத இடமிருக்கிறது. கடிதம் வந்த இரண்டாம் மாதம், 1819 மார்ச்சில், எல்லீசர் இராமநாதபுரத்தில் நஞ்சு கலந்த ஏதோ ஒன்றைத் தவறுதலாக உட்கொண்டு இறந்துபோனார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பல மாதங்கள் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறையில் அடுப்பு மூட்டப் பயன்பட்டன என்று சொல்லப்படுகிறது. தமிழ் ஆய்வுக்கு நேர்ந்த இழப்புகளில் இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்வது கடினம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் 'எசூர் வேதம்' என்ற பெயரில் ஒரு நூல் பிரான்சில் உலவியது. வால்டேர் அதனை மிகப் பழமையான இந்திய ஞானநூல் என்று நம்பி 1761-ல் அரசு நூலகத்துக்கு அளித்தார். அது வேதமுமன்று, பழையதுமன்று, கிறித்தவப் பாதிரிமார் வட்டத்தில் எழுந்த போலி என்பதைப் புதுச்சேரியில் இருந்த ஏடுகளை நேரில் ஆராய்ந்து நிறுவியவர் எல்லீசர்தான். அவர் இறந்தபின் 1822-ல் அக்கட்டுரை அச்சாயிற்று. நல்ல நோக்கத்துக்காகப் பிறர் செய்த போலி நூலைத் தோலுரித்துக் காட்டிய அதே கை, நல்ல நோக்கத்துக்காகத் தானும் ஒன்றைச் செய்திருக்கிறது. மனிதர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள் என்று விட்டுவிடலாம். நமக்கென்னவோ, எசூர் வேதத்தை அவ்வளவு கூர்ந்து படித்தவருக்கு அந்த வித்தையின் மேல் ஒரு சபலம் ஏற்பட்டிருக்கும் என்றும் தோன்றுகிறது.

கிரந்தம் பொய் என்பதற்கு நடை ஒன்றே சான்று அன்று. சரகர், சுசுருதர் நூல்களில் மசூரிகை என்ற நோய் சொல்லப்படுகிறது. பசு அம்மை ஏற்றுதல் சொல்லப்படவில்லை. அதைவிட வலுவான காரணம் ஒன்றுண்டு. ஜென்னர் கண்ட பசு அம்மை ஐரோப்பாவையும் அதையொட்டிய நிலங்களையும் சார்ந்த நோய். அங்குள்ள எலியினங்களே அந்தக் கிருமியின் இருப்பிடம். நம் நாட்டு மாடுகளுக்கு வந்தது வெக்கை நோய் போன்றவை, அவை வேறு. இங்கே பசுவின் மடியிலேயே மருந்து கிடைத்திருக்குமானால், பாக்தாதிலிருந்து கைகைகளாகக் கடத்திக் கொண்டுவந்திருக்கத் தேவையே இல்லை. (பின்னாளில் உலகெங்கும் பயன்பட்ட அம்மைப்பால் ஜென்னரின் பசு அம்மையும் அன்று, குதிரை அம்மைக்கே நெருங்கியது என்பது 1902-ஆம் ஆண்டுத் தடுப்பு மருந்துக் குப்பியொன்றை ஆராய்ந்ததில் 2017-ல் உறுதிப்பட்டது. பசுவின் பெருமையைப் பேசியவர்கள் சிறிது ஏமாந்திருக்கிறார்கள்.)

இனி 1905. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கர்னல் டபிள்யூ. ஜி. கிங் ஒரு காரியக்காரர். கைக்குக் கை மாற்றும் முறையை ஒழிக்காமல் மக்கள் மனத்தை மாற்ற முடியாது என்பதை உணர்ந்தவர். கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பாலை வளர்த்தெடுத்து, ஆட்டு ரோமத்திலிருந்து கிடைக்கும் லானோலின் மெழுகோடு குழைத்தால் நம் வெயிலிலும் அது கெடாமல் ஓரளவு தாங்கும் என்று கண்டவர் அவர். 1899-ல் கிண்டியில் தொடங்கிய அம்மைப்பால் கிடங்கே அவர் பெயரால் கிங் நோய்த்தடுப்பு நிலையமாக வளர்ந்தது. எட்டாம் நாள் கீறல் ஒழிந்தது, பிறர் உடல்நீர் பற்றிய அச்சமும் ஒழிந்தது. மாரியம்மனோடு வழக்காடாமலேயே மறுப்பின் பாதி கரைந்தது என்று நாம் கருதுகிறோம். ஒரு நூற்றாண்டுக் காலம் அறியாமை என்று பெயரிட்டதில் பெரும்பகுதி நியாயமான புகாராக இருந்திருக்கிறது. கருவியைத் திருத்தியதும் புகார் குறைந்தது.

அந்த நிலையத்தின் திறப்பு விழாவில்தான் கவர்னர் ஆம்ப்தில் பிரபு பேசினார். பண்டைய இந்தியர் பசுவின் வழியே அம்மைத் தடுப்பு செய்தனர் என்று கர்னல் கிங் தமக்கு உறுதி கூறியதாகவும், அதற்கு ஆதாரம் தன்வந்திரியின் வாக்கு என்றும் குறிப்பிட்டார். எல்லீசர் காலத்து விதை எண்பத்தாறு ஆண்டு கழித்து, அதே சென்னையில், ஆட்சியாளர் வாயிலிருந்தே காய்த்து விழுந்தது. மக்களை ஏமாற்றுவதற்கென்று ஓர் ஆங்கில அதிகாரி செய்ததில் இன்னோர் ஆங்கில அதிகாரி ஏமாந்தார். அவர் பேச்சு அச்சேறியது, நம்மவர் தேசப் பெருமை நூல்களில் எடுத்தாளப்பட்டது. அங்கிருந்து நம் நண்பரின் கைபேசிக்கு வந்தது.

இதில் நமக்கு வருத்தம் தருவது பொய் வென்றது என்பதன்று. அந்தப் பொய்யின் நிழலில் மெய்யான பெருமைக்குரியவர்கள் மறைந்துபோனார்கள். வங்காளத்து டீக்காதார்கள் தன்வந்திரி பெயர் சொல்லாமலே, தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான கைகளில் கீறி, எது பலிக்கும் எது கொல்லும் என்று கற்றவர்கள். 1865-ல் கல்கத்தாவில் அவர்கள் தொழில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. சங்கிலியாக நின்ற குழந்தைகளில் அன்னாவைத் தவிர ஏறக்குறைய எவர் பெயரும் நம் நினைவில் இல்லை.

கதைக்கு மாற்றாகக் கணக்கைக் கையிலெடுத்தவர்களும் இதே சென்னையில் இருந்தார்கள். தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் 1960-களில் பெரியம்மை நோயாளிகளை ஒருவர் ஒருவராக, வீடு வீடாகப் பின்தொடர்ந்தார். காற்றில் பறந்து ஊரையே பிடிக்கும் என்று அஞ்சப்பட்ட நோய், உண்மையில் நெருங்கிப் பழகிய வீட்டாருக்கிடையே மெதுவாகவே பரவுகிறது என்பதை அவரது ஆய்வுகள் காட்டின. அப்படியானால் ஊர் முழுவதற்கும் குத்தவேண்டியதில்லை. நோயாளியைச் சுற்றியிருப்போரைத் தேடிக் குத்தினாலே சங்கிலி அறுந்துவிடும். ஆப்பிரிக்காவிலும் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். அவர் 1972-ல் வெளியிட்ட 'ஸ்மால்பாக்ஸ்' என்னும் நூல் இத்துறையில் மதிக்கப்படுவது. தமிழகம் வட மாநிலங்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே பெரியம்மையிலிருந்து விடுபட்டது. அங்கே 1974-ல்கூட நிலைமை கொடுமையாக இருந்தது. அந்த ஓர் ஆண்டில் இந்தியாவில் 1,88,000 பேருக்குக் கண்டது, 31,000 பேருக்கு மேல் மாண்டனர். அவசரத்தில், பிகார் போன்ற இடங்களில் இரவில் கதவை உடைத்துப் பிடித்து ஊசி போட்ட நிகழ்ச்சிகளும் உண்டு. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் நோய் நின்றது. 1980-ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

கணக்கின் மறுபக்கத்தையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை 1948-க்குப் பின் நாடெங்கும் பெருந்திரளாகப் போடத் தொடங்கியபோது, அதனை வெளிப்படையாக எதிர்த்தவர் இராஜாஜி. முதலமைச்சர் பதவியை விட்ட மறு ஆண்டு, 1955-ல், தாம் ஏன் எதிர்க்கிறேன் என்று ஒரு சிறு நூலே எழுதினார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் அதற்கு மறுமொழி கூறவேண்டி வந்தது. அறிவியலை அறியாத முதியவரின் பிடிவாதம் என்று பலர் அதனை எடுத்துக்கொண்டார்கள். அவர் வாதங்களில் சில அப்படிப்பட்டவைதாம். ஆனால் இந்த மண்ணில் இது பயன்தருகிறது என்பதற்கு என்ன சான்று என்ற கேள்வி அசட்டுக் கேள்வி அன்று. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அதற்கு விடைதேடும் சோதனை தொடங்கியது. 3,66,625 பேர் பதிவுசெய்யப்பட்டு, 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் நீர் என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டு முடிவில் பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999-ல் வெளிவந்தபோதும் அதே முடிவு. கைக்குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்கு அது காப்பாக இருப்பதால் பிறந்தவுடன் போடுவது இன்றும் தொடர்கிறது. 1972 டிசம்பரில் மறைந்த இராஜாஜி முடிவைக் காணவில்லை. கண்டிருந்தாலும் பாதி வெற்றியைத்தான் கோரியிருக்க முடியும். ஆயினும் நாம் வியப்பது அந்த ஊர்களின் மக்களைத்தான். தங்கள் கையை நீட்டி, பயனில்லை என்ற உண்மையை உலகுக்குச் சொன்னவர்கள் அவர்கள்.

அதே செங்கல்பட்டுப் பகுதியிலிருந்து பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்தில் 2008 ஏப்ரலில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழகத்தில் கிராமத்துக்குச் சென்று ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தைகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி பள்ளிகளுக்கு வந்தபோது, பெற்றோர் பலர் கையொப்பமிட மறுத்தார்கள். காலத்தை நீட்டிக்க வேண்டியிருந்தது. கைபேசி வதந்திகளே காரணம் என்று அப்போது நாம் எல்லாருமே எழுதினோம். திருவள்ளூரை எவரும் நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை. 2021 ஏப்ரலில், மற்றவர்கள் அஞ்சாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே முன்வந்து ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் இரண்டாம் நாள் மாரடைப்பால் காலமானபோது, மறுபடி அதே தயக்கம். ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தேசிய ஆய்வுக் குழு கூறியபோது அக்டோபர் ஆகியிருந்தது. அவர் கையைக் காட்டினார். மைசூர் அரசியைப் போல.

இவ்வளவையும் சுருக்கி நண்பருக்கு அனுப்பினோம். கிரந்தம் போலி, கவர்னர் ஏமாந்தார், எழுதியவர் நம் எல்லீசர் என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. தாம் அந்தக் குறிப்பை அனுப்பியிருந்த மூன்று குழுக்களிலும் திருத்தம் போட்டுவிட்டதாகவும், இரண்டு குழுக்களில் வசவு விழுந்ததாகவும் எழுதியிருந்தார். கூடவே ஒரு வரி: "அது கிடக்கட்டும், தன்வந்திரியும் சக்தியும் பேசிக்கொள்ளும் அந்தப் புராணத்தின் தமிழ் மூலம் எங்காவது அகப்பட்டால் எனக்கு அனுப்பி வையுங்கள். படிக்க நன்றாக இருக்கும் போலிருக்கிறதே."